கரி படிந்த கண்ணாடியில் இரண்டு கீறல்

ரீச்சர்,

இன்று காலை பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குக்கு மேலே கண்ணாடித் துண்டைப் பிடித்துப் புகையேற்றினார்கள். நாளைக்குச் சூரிய கிரகணமாம். அந்தக் கரிமணம் வேலியைத் தாண்டி என் குசினிக்குள் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். போனால் போகட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, நேரே போய் அலுமாரியைத் திறந்தேன்.

பயப்படாதீர்கள், உங்கள் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சுற்றி ஒட்டிய பிளாஸ்டர் மஞ்சளாகி ஒரு மூலையில் விட்டுப்போய்விட்டது. ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் கரி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்தில் தனிக் கீறல் ஒன்று, மறுபக்கத்தில் ஒட்டினாற்போல இரட்டைக் கீறல். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்களிட்டயும் ஒண்டு இருக்கோ? நாளைக்கு அதால பாப்பமே?" என்றாள். "இது சூரியனைப் பாக்கிற கண்ணாடி இல்லை, பிள்ளை" என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நீங்கள் போன பிறகு இந்தத் தெருவில் என்னை ஒரு மாதிரிப் பார்க்காதவர்கள் குறைவு.

பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ரியூசன் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. நேற்றும் அதைக் கடந்துதான் வந்தேன். தகரக் கூரை, தென்னோலைக் கிடுகுச் சுவர், நடுவில் இன்னொரு கிடுகுத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான், கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு லொஜிக். அந்தப் பக்கம் நீங்கள், விஞ்ஞானப் பிள்ளைகளுக்குப் பௌதிகம். நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்புக்கு வந்தால் இரண்டு வகுப்பு. மழை பெய்தால் மட்டும் தகரத்தின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஓய்வு.

எங்கள் முதல் சண்டை நினைவிருக்கிறதா? நான் கரும்பலகையில் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தேன்: ஒன்றில் அது, அல்லது அதுவல்ல, நடுவில் மூன்றாவது கிடையாது. லொஜிக் என்ற வீட்டுக்கு அதுதான் கூரையைத் தாங்குகிற நடுவளை என்று பிள்ளைகளுக்கு விளாசிக்கொண்டிருக்கிறேன். தட்டிக்கு அங்கிருந்து உங்கள் குரல் வருகிறது: "எந்தக் கீறலால போனது எண்டு கேக்கப்படாது. ரெண்டில ஒண்டால போனது எண்டு சொல்லவும் ஏலாது."

என் பிள்ளைகள் அத்தனை பேரும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தட்டியில் தட்டினேன்.

"ரீச்சர், இஞ்ச பிள்ளையள் சோதினைக்குப் படிக்கினம். கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ."

"லொஜிக் ரீச்சர், நான் ஒண்டும் கதைக்கேல்லை. வெளிச்சம்தான் கதைக்குது. நேரமிருந்தால் வந்து பாருங்கோ."

வந்து பார்த்தேன். என்னோடு என் வகுப்பு முழுவதும் எழுந்து வந்துவிட்டது. நீங்கள் கிடுகுக் கதவைச் சாத்தி, சாக்குப் போட்டு, பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தீர்கள். மேசையில் ஒரு பிஸ்கற் தகரம் கவிழ்ந்திருந்தது. தகரத்துக்குள் கைவிளக்கு, தகரத்தில் நெடுக்காக ஒரு வெட்டு, அந்த வெட்டால் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வந்துகொண்டிருந்தது. பின் வாங்குப் பலகையில் உங்கள் தம்பி நேசன் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. மூதூரில் நீர்ப்பம்பி திருத்துகிற கடை வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமைகளில் உங்களிடம் வருவார். தம்பலகாமத்து வீட்டை விட்டு நீங்கள் குடும்பமாக எழும்பி வந்த பிறகு அவருக்கு நீங்களும் உங்களுக்கு அவரும்தான் மிச்சம். அந்தக் கண்ணாடி அவருடைய கைவேலை. இரண்டு சவர அலகை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கரியின் மேல் ஒரே இழுப்பில் இழுத்தாராம். "அக்கா பேப்பரில கீறிக் காட்டினவ. எனக்கு விளங்கேல்லை. ஆனாச் செய்ய ஏலும் எண்டு தெரிஞ்சுது" என்றார்.

முதலில் தனிக் கீறலைக் கண்ணோடு வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். விளக்குக் கோடு அகலமான ஒரு வெளிச்சப் பட்டையாகத் தெரிந்தது. பிறகு இரட்டைக் கீறலால் பார்க்கச் சொன்னீர்கள். அதே பட்டைக்குள் கறுப்புக் கோடுகள் வரிசையாக நின்றன. ஒரு கீறலால் பார்த்தபோது வெளிச்சமாக இருந்த இடம், இன்னொரு கீறலையும் திறந்ததும் இருட்டாகியிருந்தது.

"வழியைக் கூட்டினால் வெளிச்சமெல்லோ கூடவேணும்?" என்றேன். பிள்ளைகள் கண்ணாடிக்கு முண்டியடித்தார்கள்.

அன்று பின்னேரம் உங்கள் வீட்டு விறாந்தையில் வெறுந்தேநீர் குடித்துக்கொண்டு தொடங்கிய கதை பல வெள்ளிக்கிழமைகள் ஓடியது. இது வெறும் அலையின் வேலை என்று நான் தப்பப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. வெளிநாட்டில் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துணிக்கை போகும்படி விட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளியாகத்தான் விழுகிறது, ஆனால் விழுந்து விழுந்து கடைசியில் அதே கறுப்புக் கோடுகள் வருகின்றன என்றீர்கள். அதுதான் குவாண்டம் என்றீர்கள். எனக்குத் தலை சூடேறிவிட்டது. உங்கள் வீட்டுச் சீமெந்து நிலத்திலேயே சோக்கால் எழுதினேன்.

துணிக்கை இடது கீறலால் வந்தால் இந்த இடத்தில் விழலாம். வலது கீறலால் வந்தாலும் இந்த இடத்தில் விழலாம். ஒன்றில் இடதால் வரவேண்டும், அல்லது வலதால் வரவேண்டும். ஆகவே இந்த இடத்தில் விழலாம். ஆனால் விழவில்லை.

"இந்த மூண்டு எடுகூற்றிலயிருந்து இந்த முடிவு வந்தே தீரும்," என்றேன். முடிவுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்கிற கூற்றைத்தான் நாங்கள் எடுகூற்று என்போம். "முடிவு பொய் எண்டால் மூண்டில ஒண்டு பொய். இதில உங்கட கண்ணாடி என்னை ஏமாத்த ஏலாது."

"ஆர் ஏமாத்தினது? ஒண்டு பொய்தான். எது எண்டு தேடுங்கோ" என்றீர்கள்.

முதல் இரண்டையும் ஒவ்வொரு கீறலாக மூடித் திறந்து பார்த்தாயிற்று. அவற்றில் பிழையில்லை. மிஞ்சியது மூன்றாவது. நான் பிடித்துக்கொண்டு தொங்கிய கூற்று அதுதான். அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரும் பார்க்காத இடத்தில் நின்றுகொண்டு "ஒன்றில் இது, அல்லது அது" என்று நான் முன்கூட்டியே ஒரு மறுமொழியை வைத்துக்கொண்டு கேட்கிறேன், அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை என்று சொன்னீர்கள். கீறலடியில் காவல் வைத்து எந்தக் கீறலால் போகிறது என்று பார்த்தால் ஒவ்வொரு துணிக்கையும் ஒழுங்காக ஒரு வழியால்தான் போகும், ஆனால் பார்த்த கையோடு கறுப்புக் கோடுகளும் காணாமல் போய்விடும் என்றும் சொன்னீர்கள்.

"அப்ப ஒண்டில் மழை பெய்யுது, அல்லது பெய்யேல்லை. அதுவும் பிழையோ?" என்று கத்தினேன்.

"மழையை ஊரே பாத்துக்கொண்டிருக்குது, ரீச்சர். உங்கட லொஜிக்குக்கு மழையில ஒண்டும் நடக்காது. குடையைக் கொண்டு போங்கோ."

நேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருந்திருந்தால் அயலட்டை எழும்பிப் போயிருக்கும்." அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ஊர் முழுக்க யுத்தப் பயத்தில் ஒடுங்கிக் கிடந்த காலம். பின்னேரம் ஆனால் கடைகள் பூட்டிவிடும், வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் மேசைக்குக் கீழே போய்விட்டு எழும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சண்டை பிடிப்போம். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த காலம் அதுதான் என்று சொன்னால் ஆர் நம்புவார்கள்?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நேசன் வரவில்லை.

அவருக்கு வர இரண்டு வழி இருந்தது. ஒன்று, மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு ஏறிக் கடலைக் கடந்து நேரே பட்டினம். மற்றது தரைவழி, ஆற்றுத் துறைகளை ஒவ்வொன்றாக மிதவையில் கடந்து, கிண்ணியாவால் சுற்றி, பஸ்ஸில் பட்டினம். கடல் நல்லாயிருந்தால் லோஞ்சு, கடல் குழம்பினால் கிண்ணியா. கடையைப் பூட்டிக்கொண்டு சாமான் பையைத் தோளில் போட்டதைப் பக்கத்துக் கடை முஸ்லிம் நானா கண்டிருக்கிறார். வயரும் பற்றறியும் குறடும் இருந்த பை. அந்தக் காலத்தில் அப்படிப் பையோடு போகிறவனை குண்டோ என்று எல்லோரும் இரண்டு தரம் பார்ப்பார்கள். நானாவுக்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் இறங்குதுறைக்குப் போய், காவலில் நின்றவர்களிடம் கேட்டோம். "அப்பிடி ஒருத்தரும் இந்தப் பக்கம் வரேல்லை" என்றார்கள். கிண்ணியாத் துறைக்குப் போனோம். அங்கேயும் சொல்லிவைத்தாற்போல அதே வசனம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் நீங்கள் வகுப்பை விடவில்லை. அடுத்த கிழமையே வந்து நின்றீர்கள். முன்வாங்கிலிருந்த வசந்தி உங்களைக் கண்டதும் அழுதாள். அழுதுகொண்டே, உங்களைத் தேற்ற நினைத்து, அந்தப் பிள்ளை சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ரீச்சர், ஒருத்தரும் பாக்கேல்லை எண்டால்... நேசன் அண்ணா ரெண்டு வழியாலயும் இன்னும் வந்துகொண்டுதான் இருப்பார், என்ன?"

உலகத்தில் வேறெந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை இப்படி ஆறுதல் சொல்லியிருக்காது. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் "ஓம்" என்று சொல்லிவிடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு சொல்லால் உங்களுக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும். லொஜிக் எங்கேயாவது போகட்டும் என்று நினைத்தேன்.

கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு சோக்குச் சத்தம். நான் தட்டியின் ஓட்டையால் பார்த்தேன். நீங்கள் பலகையில் இரண்டு வழி கீறினீர்கள், ஒன்று கடலால், ஒன்று தரையால்.

"இரும், பிள்ளை. அழாதையும்," என்றீர்கள். "இந்த வழியில ஆளைப் பாக்கிற இடம் எங்கெங்க இருக்கு? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ."

மூதூரிலிருந்து வருகிற பெடியன் ஒருவன், "இறங்குதுறையில அடையாள அட்டை பாப்பினம்" என்றான். நீங்கள் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டீர்கள். "லோஞ்சில ஏறேக்க பேர் எழுதுவினம்." வட்டம். "பையைக் கொட்டிப் பாப்பினம்." வட்டம். "துறையில, மிதவையில, அங்கால சந்தியில, பஸ்ஸால இறக்கி நடக்க விடுற இடத்தில..." என் பக்கத்துப் பிள்ளைகளும் தட்டிக்கு மேலால் கத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த வழிகளை அவர்களை விட நன்றாக ஆருக்குத் தெரியும்? கீறிய கோடுகள் தெரியாத அளவுக்குப் பலகை வட்டத்தால் நிரம்பிவிட்டது.

"வெளிச்சத்துக்கு நாங்கள் ஏன் மூண்டாவது எடுகூற்றை விட்டனாங்கள்?" என்று கேட்டீர்கள். "வழியில ஒருத்தரும் பாக்கேல்லை. இஞ்ச பாருங்கோ. பாக்காத இடம் எங்க இருக்கு? வெளிச்சத்துக்குக் கிடைச்ச சுதந்திரம் எங்களுக்குக் கிடைக்கேல்லை, பிள்ளையள். எங்கட ஊரில ஒரு மனுசன் ஒரு கண்ணிலயும் படாமல் ஒரு அடி வைக்க ஏலாது."

பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"லொஜிக் ரீச்சர், நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

"ஒண்டில் லோஞ்சால வந்தான், அல்லது துறையால வந்தான். லோஞ்சால வரேல்லை எண்டினம். துறையால வரேல்லை எண்டினம். மூண்டும் ஒண்டாய் நிக்க ஏலாது. இந்த முறை எது பொய்?"

எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டவர் நீங்கள், கேட்டது லொஜிக். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஒண்டில், அல்லது எண்டது நிக்கும், ரீச்சர்," என்றேன். "வரேல்லை எண்ட ரெண்டில ஒண்டு பொய்."

"அவ்வளவுதான்," என்றீர்கள். "அவன் ஒரு வழியாலதான் வந்தவன். கண்டவன் ஒருத்தன் இருக்கிறான். சரி, புத்தகத்தை எடுங்கோ."

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை, நீங்கள்தான் நடந்தீர்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் படத்தோடு போனீர்கள், கூப்பிடாத இடத்துக்கும் போனீர்கள். கொட்டில் போனது, யுத்தம் முடிந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. ஒருநாள் சிரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "லொஜிக் ரீச்சர், உங்கட நடுவளையை முறிச்சுப்போட்டினம். மூண்டாவதை அரசாங்கம் கண்டுபிடிச்சிட்டுது" என்றீர்கள். இருக்கிறார் என்றும் இல்லாமல், இறந்தார் என்றும் இல்லாமல், காணவில்லை என்று மட்டும் ஒரு சான்றிதழ் தருகிறார்களாம். வாங்கினவர்களை நீங்கள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. "பாவம், அவையளுக்குப் பிள்ளையள் இருக்கு. காணியை எழுத வேணும், பென்சன் எடுக்கவேணும்" என்றீர்கள். உங்களுக்கு மட்டும் அது வேண்டாம். நான் தேநீர் போட்டேன். நீங்கள் குடிக்காமல் ஆறவிட்டீர்கள்.

கடைசியாக ஆசுப்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது மூச்சுக்குக் கஷ்டப்பட்டுக்கொண்டு, கண்ணாடியை என் கையில் தந்தீர்கள். ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறீர்கள் என்று குனிந்தேன். "பிளாஸ்டர் விட்டுப்போகும், பாத்து வையுங்கோ" என்றீர்கள். மாற்றி ஒட்டவேண்டும், ரீச்சர். நீங்கள் ஒட்டியதைக் கழற்ற எனக்கு மனம் வருகுதில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்லவேண்டிய விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை பட்டினத்தில் காணாமல்போனவர்களைப் பற்றிய விசாரணைக்கு வந்திருந்தார்கள். உங்கள் முறைக்கு நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளம் ஆள், நல்ல மரியாதையானவர், களைத்துப் போயிருந்தார். நேசனின் விசாரணைக் கோவையைப் புரட்டிப் பார்த்து, "அக்காவும் இறந்திட்டா. இனிக் கேக்க ஆக்கள் இல்லைப்போல, மூடலாம்" என்றார்.

"நான் கேக்கிறன்" என்றேன்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை, அம்மா?"

"ஒரு முறையும் இல்லை. அவற்றை அக்கா படிப்பிச்ச கொட்டிலில தட்டிக்கு மற்றப் பக்கம் படிப்பிச்சனான்."

அவர் பேனையை வைத்துவிட்டார். "அம்மா, ரெண்டு பக்கமும் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்கு மேல நாங்கள் என்ன செய்யிறது?"

நான் அவருக்குப் படிப்பித்தேன், ரீச்சர். அந்த மண்டபத்தில், வரிசையில் நின்ற அத்தனை தாய்மாருக்கும் முன்னால், பலகையும் சோக்கும் இல்லாமல், விரலால் மேசையில் இரண்டு வழி கீறி, வட்டம் வட்டமாகப் போட்டு, மூன்று எடுகூற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற கிழவி ஒருத்தி, "சொல்லு பிள்ளை, சொல்லு" என்றாள். நான் முடித்த பிறகு அவர் வைத்த பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டார்:

"லோஞ்சடியில அப்ப ஆர் பேர் எழுதினது?"

இத்தனை வருடத்தில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் அதைக் காதால் கேட்டிருக்கவேண்டும். உங்களிடம் சொல்லவேண்டும் என்று ஓட்டோ பிடித்து ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து, இறங்கி, உங்கள் படலையில் கை வைத்த பிறகுதான் பூட்டைக் கண்டேன். அந்த இடத்திலேயே நின்று அழுதேன். ஓட்டோக்காரத் தம்பி, "ஆரைத் தேடுறியள், அம்மா?" என்று கேட்டார்.

பேர் எழுதியவர் யாரென்று விசாரித்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார், மூதூரில், மகள் வீட்டில். மற்ற இடங்களில் பேர் எழுதியவர்களைப் பற்றியும் அவருக்குத் தெரியலாம். நாளைக்குக் கிரகணம் போகட்டும், நாளை மறுநாள் நான் அவரைப் பார்க்கப் போகிறேன். நேசனின் படமும் உங்கள் கண்ணாடியும் கைப்பைக்குள் இருக்கின்றன. கண்ணாடியால் அங்கே ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொண்டுபோகிறேன், அது நேசன் கீறியது.

எல்லாத் துறைக்கும் இப்போது பாலம் வந்துவிட்டது. வழியில் இறங்கச் சொல்ல ஆளில்லை, அடையாள அட்டை கேட்க ஆளில்லை, நான் போனதை ஒருவரும் எழுதி வைக்கப்போவதுமில்லை. அதனால் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன், ரீச்சர். நான் கிண்ணியாவால் போகிறேன்.